அடுத்து யார் கையெழுத்துப் போடுவது?

2023 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டில் கட்டில் கால் பாதி முழுகும் அளவுக்குத் தண்ணீர். மிக்ஜாம் புயல் இன்னும் கரையைக்கூடத் தொடவில்லை, அதற்குள் தெரு முழுக்கக் கால்வாய் மாதிரி ஆகிவிட்டது. கரண்ட் கிடையாது. தெரிந்தவர் ஒருவர் டீசல் பம்ப்செட் வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னார், முன்பணம் மட்டும் கேட்டார். எங்கள் தெரு நலச் சங்கக் கணக்கில் அதற்குத் தேவையான பணம் இருந்தது. ஆனால் எடுக்க முடியவில்லை.

செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தலைவருடையது, இன்னொன்று பொருளாளரான என்னுடையது. தலைவர் இரண்டு வாரம் முன்புதான் மாரடைப்பில் இறந்திருந்தார். தலைவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர் போடலாம் என்று சங்க விதியில் எழுதியிருக்கிறது. துணைத் தலைவர் இடம் இரண்டு வருடமாகக் காலி. அவர் மீஞ்சூருக்குக் குடி போனபோது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து விட்டுவிட்டோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

வங்கி திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். பொதுக்குழு தீர்மானம், புது நிர்வாகிகள் பட்டியல், மாதிரிக் கையெழுத்து எல்லாம் வந்தால்தான் ஆகும் என்றார் மேலாளர். அவர் சொன்னது விதிப்படி சரி, அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. முழங்கால் தண்ணீரில் பொதுக்குழுவை எங்கே கூட்டுவது? கடைசியில் வீட்டுக்கு வீடு கையிலிருந்த பணத்தைச் சேர்த்து பம்ப்செட் கொண்டுவருவதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. தெருக் கோடி வீட்டு ஆயா அதில் இரண்டு நாள் அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு இந்த "அடுத்து யார்" என்ற விஷயம் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படிப்பேன். 2025 ஜூலை 21 இரவு, குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் உடல்நிலையைக் காரணம் சொல்லி ராஜினாமா செய்தார். மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாள் அது. டீக்கடையிலிருந்து டி.வி. வரை எல்லோரும் ஏன் போனார் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு கேள்வி. இந்த நிமிடம் குடியரசுத் தலைவருக்கு ஏதாவது ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்?

நைனாவிடம் கேட்டேன். எங்கள் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யூனியன் கூட்டம் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். யோசிக்கவே இல்லை. "சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிமா. 69-இல் அப்படித்தானே ஆச்சு" என்றார்.

1969 எங்கள் ஊருக்கே மறக்க முடியாத வருடம். பிப்ரவரி 3-ஆம் தேதி அண்ணா இறந்தார். நைனாவுக்கு அப்போது பதினேழு வயது, ராஜாஜி மண்டபத்துக்கு நடந்தே போய்க் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்ததை இன்றைக்கும் சொல்வார். அன்றே நெடுஞ்செழியன் பொறுப்பு முதல்வர் ஆனார், ஒரு வாரத்தில், பிப்ரவரி 10-ஆம் தேதி, கருணாநிதி முதல்வர் ஆனார். அண்ணா இறந்து சரியாக மூன்று மாதம் கழித்து, மே 3-ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் இறந்தார். பதவியில் இருக்கும்போது குடியரசுத் தலைவர் இறப்பது அதுதான் முதல் முறை. துணைத் தலைவராக இருந்த வி.வி.கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவர் ஆனார். ரயில்வே தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மனிதர் என்பதால் பெரம்பூர்ப் பக்கம் அவர் பெயருக்குத் தனி மரியாதை உண்டு.

நம் அரசியலமைப்பில் இந்த இடத்தை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். குடியரசுத் தலைவர் இடம் காலியானால் துணைத் தலைவர் அந்தப் பொறுப்பை ஏற்பார், ஆனால் குடியரசுத் தலைவர் ஆகிவிட மாட்டார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும், 62-ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வருபவர் மிச்சக் காலத்தை நிரப்ப வருவதில்லை, முழு ஐந்து வருடமும் அவருக்கு. அப்படியானால் துணைத் தலைவரும் இல்லை என்றால்? 1950-இலிருந்து 1969 வரை, பத்தொன்பது வருடம், இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் சட்டமே கிடையாது. ஜாகிர் உசேன் இறந்த பிறகுதான், அந்த மே மாதக் கடைசியில், நாடாளுமன்றம் சட்டம் போட்டது. இருவரும் இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, அவரும் இல்லாவிட்டால் அங்கே இருக்கும் நீதிபதிகளில் மூத்தவர்.

போட்ட சட்டத்துக்கு இரண்டே மாதத்தில் வேலை வந்துவிட்டது. கிரி குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடிவு செய்து ஜூலை 20-ஆம் தேதி ராஜினாமா செய்தார். தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா பொறுப்புக் குடியரசுத் தலைவர் ஆனார், நீதிமன்றத்தில் அவர் இடத்தை ஜே.சி.ஷா பார்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 24-ஆம் தேதி கிரி வென்று வந்து பதவியேற்கும் வரை, ஐந்து வாரம், இதே ஏற்பாடு.

இருவருக்குமே அது சும்மா பெயருக்குப் பொறுப்பில் இருந்த காலம் இல்லை. ராஜினாமாவுக்கு முந்தைய நாள், ஜூலை 19-ஆம் தேதி, 14 வங்கிகளைத் தேசியமயமாக்கும் அவசரச் சட்டத்தில் கிரி கையெழுத்துப் போட்டார், பொறுப்புக் குடியரசுத் தலைவராக. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக நிறைவேற்றியபோது ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஒப்புதல் கொடுத்தவர் ஹிதாயதுல்லா. அவரும் பொறுப்புக் குடியரசுத் தலைவர்தான். நாட்டின் வங்கித் தொழிலையே புரட்டிப் போட்ட இரண்டு கையெழுத்துகளும் அந்த நாற்காலிக்கென்று தேர்ந்தெடுக்கப்படாத இரண்டு பேருடையவை. எங்கள் சங்கக் கணக்கு இருக்கும் வங்கியும் அந்த 14-இல் ஒன்று. ஒரு கையெழுத்து இல்லாமல் நான் திரும்பி வந்த அதே வங்கி. இது தெரிந்த அன்று நைனாவும் நானும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. அந்த ஜூலைக் கடைசியில் டெல்லிக்கு வந்த அமெரிக்க அதிபர் நிக்சனை வரவேற்றவரும் ஹிதாயதுல்லாதான். நான்கு வருடம் கழித்து அதே நிக்சனுக்கே அந்தப் பிரச்சினை வந்தது, துணை அதிபர் இடம் காலி.

அமெரிக்காக்காரர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு காலம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று படித்தபோது எங்கள் சங்கத்தை நினைத்து ஓரளவு ஆறுதல்கூட வந்தது. அதிபர் இறந்து துணை அதிபர் மேலே போனாலும் சரி, துணை அதிபரே இறந்தாலும் சரி, அந்த இடத்தை நிரப்ப அவர்களிடம் வழியே இல்லை. அடுத்த தேர்தல் வரை காலியாகக் கிடக்கும். 1967-க்கு முன்பு 16 தடவை இப்படி ஆகியிருக்கிறது. எட்டு தடவை அதிபர் இறந்து, ஏழு தடவை துணை அதிபர் இறந்து, ஒரு தடவை, 1832-இல், துணை அதிபர் கால்ஹவுன் ராஜினாமா செய்து. 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்து ட்ரூமன் அதிபரானார், அப்புறம் 1949 ஜனவரி வரை, கிட்டத்தட்ட நாலு வருடம், அவருக்குத் துணை அதிபர் கிடையாது. உலகப் போர் முடிந்ததும் அணுகுண்டு போட்டதும் எல்லாம் அந்த நாலு வருடத்துக்குள்தான்.

முதலில் அவர்களுக்கு அடிப்படைச் சந்தேகமே தீரவில்லை. 1841-இல் அதிபர் ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தார். துணை அதிபர் டைலர் அதிபரே ஆகிவிட்டாரா, இல்லை அதிபர் வேலையைப் பார்க்கும் துணை அதிபர் மட்டும்தானா? அவர்கள் அரசியலமைப்பின் வாசகம் இரண்டு பக்கமும் படிக்கிற மாதிரி இருந்தது. டைலர் "நான்தான் அதிபர்" என்று உறுதியாக நின்றார், அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருவர் பிடிவாதமாக நின்றதால் ஒரு நாட்டின் விதி முடிவானது. நம் ஆட்கள் அப்படி விடவில்லை, பொறுப்பு வேறு, பதவி வேறு என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

துணை அதிபரும் இல்லை என்றால் யார் என்பதையும் மூன்று தடவை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். 1792-இல் மேலவையான செனட்டின் இடைக்காலத் தலைவர், அவருக்கு அடுத்து கீழவையான பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். 1881-இல் அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டு எண்பது நாள் கிடந்து இறந்தபோது அந்த இரண்டு இடங்களிலுமே ஆள் இல்லை. அந்தப் பயத்தில் 1886-இல் அமைச்சர்களைக் கொண்டுவந்தார்கள், முதலில் வெளியுறவு அமைச்சர். ட்ரூமன் இதைத்தான் எதிர்த்தார். அமைச்சரை நியமிப்பது அதிபர். அப்படியானால் தனக்கு அடுத்து வருபவரைத் தானே பொறுக்கி எடுப்பது போல் ஆகிறது, அது ஜனநாயகம் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர்தான் வரவேண்டும் என்றார். அதனால் 1947 சட்டத்தில் சபாநாயகர் முதலில், செனட்டின் இடைக்காலத் தலைவர் அடுத்து, பிறகு அமைச்சர்கள். இன்றுவரை அதே வரிசைதான். தனக்குக் கிடைக்கும் அதிகாரத்தைத் தானே வேண்டாம் என்று சொன்ன ட்ரூமன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டபோதுதான் அவர்களுக்கே உறைத்தது. புது அதிபர் ஜான்சன் ஏற்கெனவே ஒரு மாரடைப்பு கண்டவர். அவருக்கு அடுத்தவர் சபாநாயகர் மெக்கார்மக், வயது 71. அதற்கடுத்து செனட்டின் இடைக்காலத் தலைவர் ஹேடன், வயது 86. இப்படியே பதினான்கு மாதம் போயிற்று. பிர்ச் பை என்ற இளம் செனட்டர் முன்னின்று வேலை செய்து, அவர்கள் அரசியலமைப்பின் 25-ஆவது திருத்தம் 1967 பிப்ரவரியில் நிறைவேறியது. துணை அதிபர் இடம் காலியானால் அதிபர் ஒருவரை முன்மொழிவார், இரண்டு அவைகளும் பெரும்பான்மையில் ஏற்க வேண்டும்.

1973 அக்டோபர் 10-ஆம் தேதி வரி ஏய்ப்பு வழக்கில் மாட்டி ஆக்னியூ துணை அதிபர் பதவியை விட்டுப் போனபோது அந்த வழி முதன்முதலாகப் பயன்பட்டது. நிக்சன் ஃபோர்டை முன்மொழிந்தார், செனட் 92-3, பிரதிநிதிகள் சபை 387-35 என்று ஏற்றன. மொத்தம் 57 நாள். எட்டு மாதம் போனதும் நிக்சனே ராஜினாமா செய்ய, 1974 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஃபோர்டு அதிபர். ஃபோர்டு துணை அதிபராக ராக்ஃபெல்லரை முன்மொழிந்தார், அது முடிய டிசம்பர் 19 வரை ஆனது. அன்று முதல் 1977 ஜனவரி வரை அமெரிக்காவின் அதிபர், துணை அதிபர் இருவருமே அந்தப் பதவிகளுக்கென்று மக்களிடம் ஒரு ஓட்டுகூடக் கேட்டு வந்தவர்கள் இல்லை. ஃபோர்டு நல்ல மனிதர் என்றுதான் படிக்கிறேன், சந்தேகமில்லை. ஆனாலும் இந்த இடத்தில் என் மனசு ஒப்பவில்லை.

அவர்கள் பக்கத்து நியாயமும் புரிகிறது. அங்கே அதிபர் வேட்பாளர்தான் தன்னோடு நிற்கும் துணை அதிபர் வேட்பாளரைத் தேர்வு செய்கிறார், இருவரும் ஜோடியாகத்தான் ஓட்டுக் கேட்கிறார்கள், நடுவில் காலியானாலும் அவரே தேர்வு செய்யட்டும் என்பது ஒரு ஒழுங்கு. வேறு கட்சிச் சபாநாயகர் வந்து உட்கார்ந்தால் தேர்தலே இல்லாமல் ஆட்சி மாறிவிடுமே என்ற கவலையும் நியாயம்தான். ஃபோர்டுக்கு முன்னாலும் பின்னாலும் இடம் காலியாக இருந்த அத்தனை நாளும் அடுத்த ஆளாக இருந்தவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட்.

இங்கே ஜோடி கிடையாது. நம் குடியரசுத் துணைத் தலைவர் தனித் தேர்தலில் வருகிறார், மாநிலங்களவையை நடத்துவதுதான் அவருடைய அன்றாட வேலை, சம்பளம்கூட அந்த அவைத் தலைவர் என்ற முறையில்தான். ஓட்டுப் போடுவது மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள், நியமன உறுப்பினர்கள் உட்பட. எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டு இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் ஊர் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176, துணைத் தலைவர் தேர்தலில் அவர் ஓரமாக நிற்க வேண்டியதுதான். நாடாளுமன்றத்தில்தான் துணைத் தலைவருக்கு வேலை என்பதால் இப்படி வைத்தார்கள் என்று புரிகிறது, ஆனாலும் குடியரசுத் தலைவரின் பொறுப்பு எந்த நாளும் அவர் தலையில் விழலாம் என்பதால் மாநிலங்களுக்கும் ஒரு குரல் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது 68-ஆவது பிரிவு. குடியரசுத் தலைவர் இடத்துக்கு ஆறு மாதம் என்று கெடு வைத்தவர்கள், துணைத் தலைவர் இடத்துக்கு "கூடிய விரைவில்" என்று மட்டும் எழுதினார்கள். கூடிய விரைவில் என்பதும் எங்கள் சங்கத்தின் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதும் எழுத்தில் வேறு வேறு, நடப்பில் ஒன்றாகிவிடலாம். 2025-இல் அப்படி ஆகவில்லை. செப்டம்பர் 9-ஆம் தேதி தேர்தல், திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் 452 ஓட்டு, சுதர்சன் ரெட்டி 300, 12-ஆம் தேதி பதவியேற்பு. 53 நாளில் முடிந்தது, ஃபோர்டுக்கு ஆனதைவிட நாலு நாள் குறைவு. நன்றாக நடத்தினார்கள். ஆனால் அரசியல் கணக்குக்காக ஒரு அரசு அதை ஒரு வருடம் இழுத்தால் எந்த வரியைக் காட்டிக் கேட்பது? அதுவரை குடியரசுத் தலைவருக்கு அடுத்து இருப்பது தலைமை நீதிபதி மட்டும். நீதிமன்றத்தில் சட்டத்தைச் சரிபார்க்க வேண்டியவரையே சட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார வைப்பது ஐந்து வாரத்துக்குச் சரி, நீண்டால் சரியில்லை.

காலியான இடம் எப்படி நீளும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். எங்கள் தொகுதி ஆர்.கே.நகர், முழுப் பெயர் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், இந்தியாவின் முதல் குடியரசுத் துணைத் தலைவர் பெயர். 2016 செப்டம்பர் 22-ஆம் தேதி எங்கள் எம்.எல்.ஏ.வும் முதல்வருமான ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் 11-ஆம் தேதி அவருடைய துறைகள் பன்னீர்செல்வத்துக்குப் போயின, டிசம்பர் 5-ஆம் தேதி அவர் இறந்தார், அந்த நள்ளிரவு தாண்டி பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்றார். முதல்வர் நாற்காலி சில மணி நேரம்கூடக் காலியாக இல்லை. எங்கள் தொகுதியோ ஒரு வருடம் கிடந்தது. 2017 ஏப்ரலில் வைத்த இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாப் புகாரில் ரத்தாகி, மறுபடி டிசம்பர் 21-ஆம் தேதிதான் நடந்தது. அந்த ஒரு வருடம் குடிதண்ணீர் லாரிக்கு யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்த பெண்களில் என் அம்மாவும் ஒருவர்.

அதனால்தான் இப்போது எங்கள் சங்கத்தில் மறுபடி துணைத் தலைவர் இடம் காலியானதும் (இருந்தவருக்கு ஒரகடத்தில் வேலை, குடும்பத்தோடு போய்விட்டார்) நான் உடனே பொதுக்குழு கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கூடினோம். தலைவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், "நானே ஒருத்தர் பேரைச் சொல்றேன், கமிட்டி ஒத்துக்கிட்டா முடிஞ்சுது, எலெக்‌ஷன் வெச்சா இழுக்கும்." பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு ஃபோர்டு, ராக்ஃபெல்லர் எல்லாம் தொண்டை வரை வந்தது. அதற்குள் நைனா எழுந்துவிட்டார்.

"உன்னை நாங்க ஓட்டுப் போட்டுத் தலைவர் ஆக்கினோம்பா. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா அந்த இடத்துல வந்து உக்காரப் போறவரையும் நாங்கதான் போடணும். இழுக்கும்னு பயமா இருந்தா நாளைக் குறி."

நாள் குறித்தோம். துணைத் தலைவர் இடம் காலியானால் 45 நாளுக்குள் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிரப்ப வேண்டும், வருபவருக்கு முழுப் பதவிக்காலம். தலைவர், துணைத் தலைவர் இருவரும் இல்லாத நாட்களில் செயலாளர் கையெழுத்துச் செல்லும், அதுவும் அந்த 45 நாள் வரைதான். 31 பேர் ஆதரவு, 12 பேர் எதிர்ப்பு. தலைவரும் ஆதரித்துக் கை தூக்கினார்.

திங்கட்கிழமை தலைவர், செயலாளர், நான் மூன்று பேரும் தீர்மானத்தின் நகலோடு வங்கிக்குப் போய் மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அன்று தண்ணீருக்கு நடுவில் என்னைத் திருப்பி அனுப்பிய மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக வந்திருப்பவர் தீர்மானத்தை இரண்டு தடவை படித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். துணைத் தலைவர் தேர்தலுக்கு இதுவரை இரண்டு பேர் மனு கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மளிகைக் கடைக்காரர். இன்னொருவர் கோடி வீட்டு ஆயாவின் பேத்தி.